பாலியல் வன்முறையும் மீட்சியும்: மலேசியத் தோட்டப்புறம்

சம்மதமின்றி ஒருவர்மீது நிகழ்த்தப்படும் எந்தப் பாலியல் செயலும் பாலியல் வன்முறையே. உலகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண், கணவன் அல்லது துணைவனின் அடி உதைக்கோ பாலியல் வன்முறைக்கோ, பிறரின் பாலியல் வன்முறைக்கோ ஆளாவதாக உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் மதிப்பிட்டது.

மலாயாத் தமிழரிடையே இந்த வன்முறைக்கு எதிரான குரல் தொழிலாளர் கோரிக்கையாகவே ஒலித்தது. 1941இல் கிள்ளான் ரப்பர் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. சம்பள உயர்வு, கள்ளுக்கடை மூடல், துரை எதிரே வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்காத உரிமை ஆகியவற்றோடு, தோட்டத்துப் பெண்களிடம் துரைமாரும் அவர்களுக்குக் கீழிருந்த ஆசிய அதிகாரிகளும் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும் என்ற கோரிக்கையும் பட்டியலில் இருந்தது. தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஆனால் அந்தக் கோரிக்கை ஆண்களின் மானப் பிரச்சினையாகவே பேசப்பட்டது. பாதிக்கப்பட்டவளுக்கு என்ன தேவை என்று அதில் ஒரு வரியும் இல்லை.

அவள் வாய் திறக்காததற்குக் காரணம் கூச்சம் மட்டுமல்ல. லயத்து வீடு தோட்டத்துடையது, மருந்தகமும் தோட்டத்துடையது, காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) பெயர் பதிந்தால்தான் கூலி. புகார் சொல்ல வேண்டிய இடத்தில் பல வேளை குற்றவாளியே உட்கார்ந்திருந்தான்.

பேரா மாநிலத்து ஆயர் தாவார் போன்ற ஊர்களில் இன்று ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. தோட்டக் குடும்பங்கள் பல தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குப் போய்விட்டன. ஆயர் தாவார் அடங்கிய மஞ்சோங் மாவட்டத்து அரசு மருத்துவமனை ஸ்ரீ மஞ்சோங்கில் உள்ளது. கோலாலம்பூர் மருத்துவமனையில் 1990களில் தொடங்கிய ஒருங்கிணைந்த நெருக்கடி மையத்தை 1996இல் அரசு மருத்துவமனைகள் எங்கும் கொண்டுவரச் சுகாதார அமைச்சு பணித்தது. சிகிச்சை, தடயச் சேகரிப்பு, ஆலோசனை, போலீஸ் என்று பெண் அலையாமல், எல்லாரும் அவளிடம் வரும் ஏற்பாடு அது. நேரம் இங்கே முக்கியம்: எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசரக் கருத்தடை மாத்திரையை 5 நாளுக்குள் உட்கொள்ள வேண்டும்.

உடல் காயம் ஆறிய பிறகும் மனக்காயம் நீடிக்கும். பாஸ்டன் மருத்துவமனையில் பாதிக்கப்பட்ட பெண்களைக் கவனித்த ஆன் பர்கஸ், லிண்டா ஹோம்ஸ்ட்ராம் இருவரும் 1974இல் ஒன்றைப் பதிவு செய்தனர்: சிலர் கதறி அழுதனர், வேறு சிலர் எதுவும் நடக்காததுபோல் அமைதியாக இருந்தனர். இந்த அமைதியைத்தான் குடும்பமும் போலீசும் சந்தேகிக்கின்றன. கெட்ட கனவு, தூக்கமின்மை, திடீர்ப் பதற்றம், தொடுதலே பிடிக்காமை மாதக்கணக்கில் தொடரலாம்.

மீட்சிக்கு மூன்று கட்டங்களை 1992இல் மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் வகுத்தார்: பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துக்கப்படுதல், மீண்டும் மனிதரோடு சேர்தல். முதல் கட்டமே பலருக்கு வாய்ப்பதில்லை. "அந்த நேரத்துல ஏம்மா அங்க போன?" என்ற கேள்வி அதைக் கெடுத்துவிடும். அவள் சொல்வதை நம்பி, அடுத்த முடிவை அவளிடமே விடுவது வீட்டார் செய்யக்கூடிய முதலுதவி. ஈப்போவில் பேரா மகளிர் அமைப்பான பிடபிள்யூடபிள்யூ ஆலோசனை வழங்குகிறது. தாய்மொழியில் பேச ஆள் கிடைப்பது பாதி மருந்து.

சட்டம் ஓரளவே துணை நிற்கிறது. பாதிக்கப்பட்டவரின் பழைய பாலியல் வாழ்க்கையை நீதிமன்றத்தில் கிளறுவதைச் சாட்சியச் சட்டத்தின் 146அ பிரிவு கட்டுப்படுத்துகிறது. மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்துவதோ இன்னும் வன்புணர்வாகக் கருதப்படுவதில்லை. அடி, காயம் அல்லது அவற்றின் மிரட்டல் இருந்தால் தண்டனைச் சட்டத்தின் 375அ பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு.

உதவி தேவைப்படுவோர் 15999 என்ற தாலியான் காசே உதவி அழைப்பு எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.