கெர்ரி அமைதி முயற்சி (2013–14)

2010 செப்டம்பரில் முறிந்த இஸ்ரேல்–பாலஸ்தீன நேரடிப் பேச்சுவார்த்தைக்கு மீண்டும் உயிரூட்ட அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி எடுத்த முயற்சி. 2013 ஜூலை 29 அன்று வாஷிங்டனில் ஓர் இஃப்தார் விருந்துடன் பேச்சு தொடங்கியது. இஸ்ரேல் தரப்பில் சிப்பி லிவ்னியும் பாலஸ்தீனத் தரப்பில் சாயிப் எரேகாத்தும் பேசினர். கெடு 9 மாதங்கள்.

எல்லை, ஜெருசலேம், அகதிகள் ஆகிய பெரிய சிக்கல்களைவிட, கைதிகள் விடுதலையே இதன் போக்கைத் தீர்மானித்தது. இரு தரப்புக்கும் இடையிலான ஆஸ்லோ உடன்பாட்டுக்கு முன் சிறைப்பட்ட 104 பேரை 4 கட்டங்களாக விடுவிக்க இஸ்ரேல் ஒப்புக்கொண்டது; பதிலுக்கு ஐ.நா. அமைப்புகளில் சேர விண்ணப்பிப்பதைப் பாலஸ்தீனர்கள் நிறுத்திவைத்தனர். 3 கட்டங்களில் 78 பேர் வீடு திரும்பினர். அக்கைதிகளால் கொல்லப்பட்டவர்களின் இஸ்ரேலியக் குடும்பங்கள் ஒவ்வொரு முறையும் கொதித்தன. இஸ்ரேலின் குடியேற்றக் கட்டுமானமோ நிற்கவே இல்லை. நம்பிக்கையை அரித்ததில் அதற்கே பெரும்பங்கு எனலாம்.

2014 மார்ச் இறுதியில் நடக்கவேண்டிய 4ஆம் கட்ட விடுதலை நடக்கவில்லை. ஏப்ரல் 1 அன்று ஜெருசலேமின் கிலோ குடியேற்றப் பகுதியில் சுமார் 700 வீடுகளுக்கு மறு ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. அன்றிரவே ரமல்லாவில், தொலைக்காட்சி நேரலையில், 15 சர்வதேச உடன்படிக்கைகளில் சேரும் கடிதங்களில் பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸ் கையெழுத்திட்டார். ஏப்ரல் 23 அன்று பாலஸ்தீன இயக்கங்களான ஃபத்தா–ஹமாஸ் இடையே சமரசம் அறிவிக்கப்பட, மறுநாளே இஸ்ரேல் பேச்சை நிறுத்தியது. ஜூலையில் காஸாவில் போர் மூண்டது.