மானிப்பாயும் ஊதாச் சாயமும்

அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். பாடநூல்களையும் தமிழில் தந்தார். 1873இல் தாயகம் திரும்பி, 1884இல் மறைந்தார்.

அதே 1884இல்தான் டென்மார்க்கினரான ஹான்ஸ் கிறிஸ்தியன் கிராம், பெர்லினில் தாம் கண்ட சாயமேற்றும் முறையை வெளியிட்டார். முதலில் ஊதாச் சாயம், அடுத்து அயடீன், பின்னர் அற்ககோல். நுணுக்குக்காட்டியில் நோக்கினால், தடித்த சுவருடைய பற்றீரியாக்கள் ஊதாவை விடாது வைத்திருக்கும், மற்றவை இழந்துவிடும். இன்றும் மாணவர் முதலில் பழகுவது இதைத்தான்.

ஆக, கிறீனின் நூல்கள் கிருமிகளை இவ்வாறு இனங்காணும் காலத்துக்கு முந்தியவை. 1978இல் தொடங்கிய யாழ். மருத்துவ பீடத்திலும் பயிற்றுமொழி ஆங்கிலமே. நுணுக்குக்காட்டி என்னும் அழகிய சொல் பாடசாலையோடு நின்றுவிட்டது. அவர் மானிப்பாயில் இன்னும் பதினைந்து ஆண்டுகள் இருந்திருந்தால், கிராமின் முறையையும் தமிழில் எழுதியிருப்பார் என்றே நான் நினைக்கிறேன்.