சாம்பற்கோடும் மூலைமட்டமும்

வரைபடத்தில் உள்ள கட்டடத்தை நிலத்தின்மேல் அளந்து குறிப்பதே கட்டுமானத்தின் முதற் பணி. அதில் நேரும் பிழை பெரும்பாலும் சுவர் எழுந்த பின்னரே கண்ணுக்குப் புலப்படும். கலீஃபா அல்-மன்சூர் ஹிஜ்ரி 145இல் (கி.பி. 762) பக்தாத் நகருக்கு அடித்தளமிட்டபோது இதனை நன்கு உணர்ந்திருந்தார் என்றே தோன்றுகிறது. வரலாற்றாசிரியர் தபரீ தரும் செய்தியின்படி, வட்ட நகரின் அமைப்பு முழுவதையும் முதலில் சாம்பலால் தரையில் வரையச் செய்தார். வாயில் வாயிலாக நுழைந்து அக்கோடுகளுக்கிடையே நடந்து பார்த்தார். பின்னர் கோடுகளின்மேல் பருத்தி விதைகளைப் பரப்பி, நாஃப்தா எண்ணெய் ஊற்றிக் கொளுத்தும்படி பணித்தார். தீயின் வடிவில் தம் நகரைக் கண்டு தெளிந்த பிறகே கடைக்கால் தோண்ட ஆணையிட்டார். கடைக்கால் தோண்டுமுன் சுண்ணாம்புப் பொடி தூவிக் கோடிடும் நம்மூர்க் கொத்தனார்களுக்கு இச்செய்தியில் வியப்பேதும் இராது, தீயைத் தவிர!

அப்பணியிலேயே இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் பெயரும் வருகிறது. நீதிபதிப் பதவியை ஏற்க மறுத்த இமாமவர்கள் செங்கற் கணக்கை மேற்பார்வையிட்டார்கள் என்றும், கற்களை ஒவ்வொன்றாக எண்ணாமல் அடுக்குகளை நாணற்கோலால் அளந்து கணக்கிட்டார்கள் என்றும் தபரீ குறிப்பிடுகிறார். ஃபிக்ஹுக் கலையின் பேரறிஞர் ஒருவர் அளவுகோலுடன் கட்டுமானக் களத்தில் நின்ற செய்தி இது.

ஆயினும் களத்தில் நிற்போருக்கு அளவையைக் கற்பிப்பதையே நோக்கமாகக் கொண்ட நூலுக்கு, இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. குராசானில் 940இல் பிறந்து, 959இல் பக்தாத் வந்து, 998இல் மறைந்த அபுல் வஃபா அல்-பூஸ்ஜானி வானியலிலும் முக்கோண கணிதத்திலும் புகழ் பெற்றவர். அவர் கைவினைஞருக்குத் தேவையான வடிவியல் செயல்முறைகள் பற்றித் தனி நூலொன்று எழுதினார். கணித அறிஞரும் கைவினைஞரும் கூடிய அவை ஒன்றில் நடந்த விவாதத்தை அவரே அதில் பதிவு செய்திருக்கிறார்.

வினா இதுதான்: சமமான மூன்று சதுரங்களைக் கொண்டு ஒரே சதுரத்தை அமைப்பது எப்படி? கணித அறிஞர்கள் புதிய சதுரத்தின் பக்க நீளத்தை எளிதில் வரைந்து காட்டினர். கைவினைஞர் அதில் நிறைவு கொள்ளவில்லை. அவர்களுக்கு வேண்டியது கல்லையோ பலகையையோ வெட்டிப் பொருத்தும் வழி. அவர்கள் தாமே சில வழிகளைக் காட்டினர். அவற்றுள் ஒன்றில் கிடைக்கும் உருவத்தின் கோணங்கள் செங்கோணங்கள், பக்கங்களும் சமம், பார்ப்பவர் ஐயுறமாட்டார். ஆனால் அதன் பக்கம், சிறு சதுரத்தின் ஒரு பக்கத்தோடு மூலைவிட்டத்தின் பாதியைச் சேர்த்த நீளம். சிறு சதுரத்தின் பக்கம் 10 முழம் எனில் அது 17.07 முழம் ஆகும். இருக்க வேண்டியதோ 17.32 முழம். பரப்பில் 8 சதுர முழத்துக்கு மேல் குறைகிறது.

அபுல் வஃபா இப்பிழையைக் காட்டியதோடு நிற்கவில்லை. இரு சதுரங்களை மூலைவிட்டத்தில் வெட்டி, கிடைத்த நான்கு முக்கோணங்களையும் மூன்றாம் சதுரத்தைச் சுற்றி வைத்து, துருத்தும் துண்டுகளை இடைவெளிகளில் பொருத்தும் வழியையும் வகுத்துத் தந்தார். கைவினைஞன் ஆதாரம் அறியாததாலும், கணித அறிஞன் கைப்பழக்கம் இல்லாததாலும் தவறுகின்றனர் என்பது அவர் கண்ட முடிவு. இருவரையும் அவர் கண்டித்திருப்பதே இந்நூலின் சிறப்பு என்பேன். அளவுகோல், கவராயம், மூலைமட்டம் ஆகிய கருவிகளிலிருந்தே அவர் பாடத்தைத் தொடங்குகிறார் என்பதையும் கருத வேண்டும்.

பின்னாளில் சமர்கந்தில் அல்-காஷீ, 1427இல் முடித்த 'மிஃப்தாஹுல் ஹிஸாப்' நூலில் வளைவு, குவிமாடம், முகர்னஸ் ஆகியவற்றை அளக்கும் முறைகளை விரிவாகத் தந்தது இவ்வழியின் தொடர்ச்சியே.

இன்று முளையும் கயிறும் நின்ற இடத்தில் 'டோட்டல் ஸ்டேஷன்' நிற்கிறது. வரைபடத்தின் ஆயத்தொலைகளை அதில் ஏற்றிவிட்டால், முப்பட்டகக் கோலுடன் நடக்கும் ஒருவரே தூண்களின் இடத்தைக் குறித்துவிடலாம். ஆனால் இளம் பொறியாளருக்குக் களத்தில் தரப்படும் பயிற்சி, பல வேளைகளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதோடு முடிந்துவிடுகிறது. கருவியைச் சோதிப்பது பாடத்தின் கடைசியில் வருகிறது, அல்லது வருவதேயில்லை. மூலைமட்டத்தைப் புரட்டி வைத்து, இரு கோடுகளும் ஒன்றாகின்றனவா என்று தச்சர் பார்ப்பார். தொலைநோக்கியைப் புரட்டி அதே புள்ளியை மறுபுறமாகவும் நோக்கிச் சராசரி காண்பது அதே சோதனைதான். இவ்வுறவைச் சொல்லிக் கொடுத்தால் மாணவர் மறக்கமாட்டார்.

இதனினும் நுட்பமான ஆபத்து ஒன்றுண்டு. கருவியை நிறுத்திய ஆதாரப் புள்ளிக்கு உரிய ஆயத்தொலையும் திசையைப் பொருத்தப் பயன்பட்ட புள்ளியின் ஆயத்தொலையும் ஒரே அளவு பிசகிப் பதிவாகியிருந்தால், கட்டடம் முழுவதும் ஒருசேர இடம் பெயரும். மூலைவிட்டங்கள் சமமாகவே இருக்கும். மூலைகள் செங்கோணமாகவே இருக்கும். நாடாவால் எத்தனை முறை அளந்தாலும் குறை தெரியாது. பக்தாத் கைவினைஞரின் சதுரமும் இப்படித்தான் தன்னளவில் குற்றமற்றதாக நின்றது. இதனைக் கண்டுபிடிக்க, அவ்வமைப்புக்கு வெளியே, ஏற்கெனவே இடம் அறியப்பட்ட மூன்றாவது புள்ளி ஒன்றை நோக்க வேண்டும். அதற்குப் பிடிப்பது சில நிமிடங்களே. கான்கிரீட் இட்ட பிறகு அந்தச் சில நிமிடங்கள் கிடைப்பதில்லை.