தோஸோகாய் என்றால் பழைய மாணவர் சங்கம்



"ஜப்பான்ல இருந்தியே, அதை மலருக்கு எழுதுடா" என்றான் எங்கள் செட் நண்பன். எழுதுகிறேன், ஆனால் எனக்கு முன்னால் போனவரிடமிருந்து தொடங்குவதுதான் முறை.

கோட்டையூர் ஏ.கே. செட்டியார் 1911-ல் பிறந்தவர். இளம் வயதிலேயே ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். பிறகு 1930களில் டோக்கியோ சென்று புகைப்படக் கலை பயின்றார். காந்தியடிகளைப் பற்றி அவர் எடுத்த ஆவணப்படம் 1940-ல் வெளிவந்தது.

போருக்குப் பின் ஜப்பானில் ஹோசுமி கோயிச்சி என்ற பெரியவர் ஆசிய மாணவர்களுக்காக 1957-ல் ஒரு சங்கம் தொடங்கினார். 1960-ல் டோக்கியோவில் அவர்களுக்கென்று ஒரு விடுதி திறந்தார். பெயர் ஆசியா புங்கா கைகான். ஆசியப் பண்பாட்டு இல்லம். தொழிற்பயிற்சிக்கு வருபவர்களுக்கான ஏ.ஓ.டி.எஸ். நிறுவனமும் அவர் முயற்சியில் 1959-ல் உருவானதே. அங்கே பயின்று திரும்பிய நம்மவர்கள் சென்னையில் நடத்தும் சங்கத்தின் பெயர் ஏ.பி.கே. ஏ.ஓ.டி.எஸ். தோஸோகாய். தோஸோகாய் என்றால் பழைய மாணவர் சங்கம்!

1994-ல் நான் பயிற்சிக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றுவது நம்ம வீடு மாதிரியே இருந்தது. வினைச்சொல் கடைசியில் வருவதால் மொழியும் மெல்லப் பிடிபட்டது. சாப்பாடுதான் படுத்தியது. காய்கறி சூப்பிலும் மீன் சாறு! விடுதிப் பொறுப்பாளர் ஒரு சீட்டில், 'இவருக்கு மீன், இறைச்சி வேண்டாம்' என்று ஜப்பானிய மொழியில் எழுதிக் கொடுத்தார். ஓராண்டு என் வயிற்றைக் காத்தது அந்தச் சீட்டு.

2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலை திறந்தது. சிங்கப்பெருமாள் கோவில் டீக்கடையில் ஜப்பானிய இளைஞர் ஒருவரைப் பார்த்ததும் ஓடிப்போய்க் குனிந்து வணங்கிப் பேசினேன். எனக்கு ஒரே பெருமை.

அதே மாதம் ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு பையன்கள் என் வீட்டு மாடி அறையை வாடகைக்குக் கேட்டார்கள். "வெளியூர்ப் பசங்களுக்குக் குடுக்கறதில்லப்பா" என்று சொல்லிவிட்டேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. பழைய டைரியில் அந்தச் சீட்டு இருந்தது. அந்த மனிதருக்கு நான் எந்த ஊர்ப் பையன்?

மறுநாள் தேடிப் போனேன். ரயில்வே கேட் பக்கம் பையோடு நின்றிருந்தார்கள். அறையைக் கொடுத்தேன். ஒரகடம் பஸ்ஸில் தமிழ்ப் பலகையைப் படிக்கத் தெரியாமல் தவித்தார்கள். ஊர்ப் பெயர்களைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். பெரிய உபகாரம் ஒன்றும் இல்லை, பழைய கடன்தான்.

மாணவர்களே, நாளை உங்களில் பலர் வெளிநாடு போவீர்கள். அங்கே ஒருவர் உங்களுக்குச் சீட்டு எழுதித் தருவார். அதற்கு முன்பே, இங்கே உங்கள் தெருவுக்கு வந்திருக்கும் பிள்ளைக்கு ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.