நீரிழிவும் வாயின் உட்சவ்வும்: ஒரு தொடர்பின் வரலாறு

நீரிழிவு என்றும், ஈழநாட்டுப் பேச்சு வழக்கிலே சலரோகம் என்றும் வழங்கும் பிணியைப் பற்றிப் பேசப் புகுவோர் முதலில் சிறுநீரையும் இரத்தத்தையும் பற்றியே பேசுவர். சற்றுக் கூடுதலாக அறிந்தோர் கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் சேர்த்துக்கொள்வர். வாயைக் குறிப்பிடுவோர் மிகச் சிலரே. ஆயினும், இந்நோய் தன் வருகையை முதன்முதலாக அறிவிக்கும் இடங்களுள் வாயும் ஒன்றென்பதைப் பண்டை வைத்தியர் நன்கறிந்திருந்தனர்.

ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த சரக சங்கிதை, பிரமேகம் தோன்றுமுன் காணப்படும் குறிகளை வரிசைப்படுத்துகின்றது. சிறுநீரை எறும்பு மொய்த்தல், கைகால் மரத்துப்போதல், எரிதல் ஆகியவற்றுடன், வாயில் இனிப்புச் சுவை தோன்றுதலும், வாயும் அண்ணமும் தொண்டையும் வறளுதலும் அங்கே கூறப்பட்டுள்ளன. கி.பி. இரண்டாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த கப்படோக்கியா நாட்டு அரேத்தியஸ் என்னும் கிரேக்க வைத்தியரும், உடலின் தசை உருகிச் சிறுநீராய் ஓடும் நோய் என இதனை வருணித்தபோது, நோயாளியின் தணியாத தாகத்தையும் உலர்ந்த வாயையும் எடுத்துரைத்தார்.

பின்வந்த நூற்றாண்டுகளில் ஆராய்ச்சியின் கவனம் வேறு திசையிற் சென்றது. 1674 இல் இங்கிலாந்தின் தோமஸ் வில்லிஸ் நோயாளியின் சிறுநீர் தேன்போல் இனிப்பதை எழுதி வைத்தார். 1776 இல் லிவர்பூல் நகரத்து மத்தேயு டொப்சன் அவ்வினிப்புச் சர்க்கரையே என நிறுவினார். 1889 இல் மேரிங், மின்கோவ்ஸ்கி என்னும் இருவர் நாயின் கணையத்தை அகற்றினால் நீரிழிவு உண்டாவதைக் கண்டனர். 1921 இல் ரொறன்ரோ நகரிற் பாண்டிங்கும் பெஸ்ற்றும் தொடங்கிய முயற்சியின் பயனாக, மறு ஆண்டிலேயே இன்சுலின் மனிதருக்கு ஏற்றப்பட்டது. நோயின் வேர் கணையத்திற் கண்டுபிடிக்கப்பட்ட பின், வாயை உற்று நோக்குவார் அருகினர்.

வாயின் உட்புறத்தே கன்னத்தையும் நாவையும் அண்ணத்தையும் போர்த்திருக்கும் மெல்லிய சவ்வில் தோன்றும் நோய்களின் வரலாறு தனியே வளர்ந்தது. அவற்றுள் முந்தியது வெண்படல நோய். 1839 இல் லாங்கன்பெக் என்னும் ஜெர்மானிய வைத்தியர், நெருப்புக் காய்ச்சல் கண்ட ஒருவரின் வாயிலிருந்த வெண்படலத்தில் ஒரு பூஞ்சணத்தைக் கண்டார். அந்தப் பூஞ்சணமே காய்ச்சலுக்குக் காரணம் என அவர் எண்ணினார். உண்மையோ வேறு. காய்ச்சலால் மெலிந்த உடலில் இடம்பிடித்த விருந்தாளியே அது. இரண்டு நிகழ்ச்சிகள் ஒருங்கே காணப்படின், ஒன்று மற்றொன்றின் காரணம் ஆகிவிடாது என்னும் பாடத்தை இவ்வரலாறு தொடக்கத்திலேயே கற்பிக்கின்றது.

கண்டிடா என 1923 இற் பெயர்பெற்ற அப்பூஞ்சண இனம், நலமுடையோர் பலரின் வாயிலும் தீங்கின்றி வாழ்கின்றது. நீரிழிவு கட்டுக்கடங்காத போது உமிழ்நீர் குறைகின்றது. அதில் சர்க்கரை கூடுகின்றது. கிருமிகளை எதிர்த்துப் போராடும் வெண்குருதியணுக்களும் சோர்வடைகின்றன. அடங்கியிருந்த பூஞ்சணம் அப்போது தலைதூக்குகின்றது. நாவில் எரிவு, கடைவாயில் வெடிப்பு, பொய்ப்பல்லின் கீழே சிவப்பு, வழித்தால் அகலும் வெண்படலம் ஆகியன அதன் குறிகள். 1950 இல் நியூயோர்க் மாநிலத்தில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுண் என்னும் பெண் அறிஞர் இருவர் நிஸ்ரற்றின் என்னும் மருந்தை அறிவித்தபின் இதற்குச் சிகிச்சை எளிதாயிற்று. எனினும் இரத்தச் சர்க்கரை அடங்காதவரை இந்நோய் மீண்டும் மீண்டும் வரும். நீரிழிவுக்கும் வாயின் சவ்வுக்கும் உள்ள தொடர்புகளுள் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவானது இதுவே.

அடுத்து வருவது அவ்வளவு தெளிவற்ற கதை. 1869 இல் இலண்டன் மாநகரின் தோல் வைத்திய நிபுணர் இராஸ்மஸ் வில்சன் லைக்கன் பிளானஸ் என்றொரு நோயை விவரித்தார். பாறைமேற் படரும் கற்பாசியின் பெயரை அது தாங்கி நிற்கின்றது. தோலில் ஊதா நிறத் தடிப்புகளாகத் தோன்றும் இந்நோய், வாயினுள்ளே கன்னத்தின் இருபுறமும் சரிகைப் பின்னல் போன்ற வெண்கோடுகளாய்ப் படர்கின்றது. 1895 இற் பாரிஸ் நகரத்து விக்காம் அக்கோடுகளை நுணுகி ஆராய்ந்தார். சிலருக்கு அவை யாதொரு துன்பமும் தருவதில்லை. வேறு சிலருக்கோ சவ்வு சிவந்து புண்ணாகி, காரமும் புளியும் நாவிற் படவொட்டாது ஆண்டுக்கணக்கில் வருத்துகின்றது. உடலின் காப்பணுக்கள் தம் சவ்வின் அணுக்களையே அயலாரென மயங்கித் தாக்குவதன் விளைவு இது என்பதே பின்னாளில் அறிஞர் கண்ட முடிபு.

1963 ஐ ஒட்டி, ஆர்ஜன்டீனா நாட்டுத் தோல் வைத்தியர் தாவீத் கிறின்ஸ்பான், வாயில் இவ்வெண்கோடுகள் உடையோரிடையே நீரிழிவு மிகுந்து காணப்படுவதாக அறிவித்தார். அவருள் பலர்க்கு உயர் இரத்த அழுத்தமும் இருந்தது. ஈராண்டுக்குள் இம்மூன்றும் சேர்ந்த தொகுதிக்குப் பிரெஞ்சு வைத்திய ஏடுகளில் அவர் பெயரே சூட்டப்பட்டது. கன்னத்தின் உட்புறத்தைப் பார்த்தே மறைந்திருக்கும் நீரிழிவைக் கண்டுகொள்ளலாம் என்ற நம்பிக்கை பல நாடுகளிற் பிறந்தது.

அந்நம்பிக்கைக்கு எதிராக ஒரு வினா எழுந்தது. நீரிழிவாளரும் இரத்த அழுத்தமுடையோரும் மாத்திரைகளை உட்கொள்வோர் அன்றோ? இவ்வினாவுக்குப் பின்னே ஒரு பழைய அனுபவம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது நியூகினித் தீவிற் போரிட்ட வீரர்க்கு மலேரியாத் தடுப்பாக மெப்பாக்கிறின் கொடுக்கப்பட்டது. அவர்களுட் சிலர்க்கு லைக்கன் பிளானசைப் பெரிதும் ஒத்த தடிப்புகள் தோன்றின. மருந்தொன்று இந்நோயின் வேடத்தைப் புனைய வல்லது என்பது அன்றே தெரிந்தது.

நீரிழிவு மாத்திரைகளின் வரலாற்றையும் இங்கே நோக்குதல் வேண்டும். 1942 இற் பிரான்சின் மொன்பெலியே நகரில், காய்ச்சல் நோயாளர்க்குக் கொடுத்த சல்பா வகை மருந்தொன்று இரத்தச் சர்க்கரையைக் குறைப்பது எதிர்பாராத வகையில் வெளிப்பட்டது. அதன் வழிவந்த மாத்திரைகள் 1955, 1956 ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியிலிருந்து உலகெங்கும் பரவின. 1950களின் இறுதியில் இரத்த அழுத்தத்துக்கும் தயசைட் என்னும் புதிய மாத்திரை வகை வந்தது. ஆகவே, கிறின்ஸ்பான் தம் நோயாளரைப் பரிசோதித்த காலம், இவ்விரு வகை மாத்திரைகளையும் மனிதர் நாள்தோறும் விழுங்கத் தொடங்கிய முதற்காலமாகும். 1990 இற் பிரித்தானிய ஆராய்ச்சியாளர் சிலர், இத்தொகுதி மருந்தின் விளைவேயோ என வெளிப்படையாகவே வினவினர்.

வேறொரு சிக்கலும் இருந்தது. நீரிழிவு என்பதற்கு எந்த அளவுச் சர்க்கரையைக் கொள்வது என்பதில் அக்காலத்தில் ஒருமைப்பாடு இல்லை. 1980 இல் உலக சுகாதார நிறுவனம் பொது வரையறை வகுக்கும் வரை, ஓரிடத்து நோயாளி மற்றோரிடத்து நலமுடையவராய்க் கணிக்கப்படலாம். ஆதலால் முந்திய ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்பட்டதில் வியப்பில்லை. பிற்காலத்திற் பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து நோக்கியவர்கள், இவ்விரு நோய்க்கும் ஓரளவு தொடர்பு உண்டெனக் கண்டனர். எனினும் முதலிற் கருதப்பட்ட அளவு நெருக்கம் அதில் இல்லை. மருந்தின் பங்கும் அதனின்று முற்றாகப் பிரித்தெடுக்கப்படவில்லை.

இரண்டு நோய்க்குப் பின்னே மூன்றாவது பொருளொன்று மறைந்து நிற்கக்கூடும் என்பதற்கு எம்மவர் வாழ்க்கையிலேயே மற்றோர் எடுத்துக்காட்டு உண்டு. அதுவே பாக்கு. 1952 இல் சுவார்ட்ஸ் என்பவர் கிழக்காபிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரின் வாயின் உட்சவ்வு தடித்து இறுகி, வாய் திறக்கவியலாது போனதை விவரித்தார். அந்நோய்க்குப் பாக்கு மெல்லுதலே தலையாய காரணம் எனப் பின்னர் தெளிவாயிற்று. 1994 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், பாக்குக் கலந்த உணவுண்ட எலிகளுக்கும் அவற்றின் குட்டிகளுக்கும் சர்க்கரையை ஆளும் திறன் குன்றியது. தைவான் மக்களிடையே நடந்த ஆய்வுகளும் பாக்கு மெல்லுவோரிடம் நீரிழிவு மிகுந்திருப்பதைக் காட்டின. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் விளைப்பதே என 2003 இற் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகத்தின் அறிஞர்குழு முடிவு செய்தது. விருந்தினர்க்குத் தாம்பூலம் தந்து உபசரிக்கும் மரபினர் இவ்வுண்மையைக் கேட்டு வருந்துதல் இயல்பே. வருத்தத்தினும் உயிர் பெரிதென்பதை மறத்தலாகாது.

இவ்வளவு வரலாற்றினின்றும் கொள்ளத்தக்க பயன் யாது? வாயில் நெடுநாள் நீடிக்கும் எரிவோ புண்ணோ வெண்கோடோ உடையவர் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுதல் அறிவுடைமை. நீரிழிவாளர் காலைப் பார்ப்பதுபோல வாயையும் பார்த்தல் வேண்டும். தாம் உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்களைப் பல் வைத்தியரிடம் ஒளியாது கூறுதலும் நன்று. அவற்றைத் தாமாகவே நிறுத்துதல் மட்டும் பெருந்தவறு. லைக்கன் பிளானஸ் உடையோரில் நூற்றில் ஒருவரளவில் அது புற்றுநோயாக மாறக்கூடும் என்பதால், வலி இல்லையென்று வாளாவிருத்தலும் கூடாது.

வாயைப் பார்ப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. 1980களின் முற்பகுதியில் இலங்கையின் கிராமங்களில், பயிற்றப்பட்ட சுகாதார ஊழியர் ஓராண்டிலே 28,000க்கும் மேற்பட்டோரின் வாயைச் சோதித்து, ஐயத்துக்குரியோரை வைத்தியரிடம் அனுப்பிக் காட்டினர். நல்ல வெளிச்சமும் பொறுமையான கண்ணுமே அவர்களிடம் இருந்த பெருஞ்செல்வம். பண்டை வைத்தியர் நோயாளியின் வாயைத் திறந்து நோக்கிக் கண்ட உண்மையை, இரத்தத்தையும் சிறுநீரையும் அளக்கக் கற்ற பின்னோர் நெடுங்காலம் மறந்திருந்தனர். அவ்வழக்கம் ஒவ்வோர் இல்லத்திலும் மீளுமாயின், எத்தனையோ நோய்கள் முற்றுமுன் அறியப்படும்.