பல்லில் பழுப்புக் கறை... தேய்த்தாலும் போகாதது ஏன்?

'பல்லே வெளக்க மாட்டியா?' தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வேலைக்காக சென்னைக்கோ பெங்களூருக்கோ வந்தவர்கள் பலருக்கு இந்தக் கிண்டல் பழகிப்போயிருக்கும். செல்ஃபி எடுக்கும்போதுகூட வாயை மூடியே சிரிப்பார்கள். உங்கள் பற்களும் முளைக்கும்போதே சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்து, போகப்போக பழுப்பேறியதா? அப்படியென்றால் தப்பு உங்கள் பிரஷ்ஷில் இல்லை. சின்ன வயசில் நீங்கள் குடித்த தண்ணீரில் இருக்கலாம்.

இதற்குப் பெயர் 'டென்டல் ஃப்ளோரோசிஸ்'. முன்பற்களின் எனாமல் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதாவது சுமார் 8 வயதுக்குள், ஃப்ளோரைடு அளவுக்கு மீறி உடலில் சேர்ந்தால் எனாமல் சரியாக இறுகாது. நுண்ணிய துளைகளோடு முளைக்கும் அந்தப் பல்லில் கறை ஈஸியாக ஏறிவிடும். பாறையிலிருந்து கரையும் ஃப்ளோரைடு போர்வெல் தண்ணீரில் கலக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஓகே, வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே 'ஃப்ளோரோசிஸ்' என்ற வார்த்தை இருக்கிறது. பிரச்னை அவ்வளவு பெரிசு!

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1901-ல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் போன ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் டாக்டர், உள்ளூர்க்காரர்களின் பழுப்புப் பற்களைப் பார்த்து குழம்பினார். காரணம் தண்ணீரிலிருந்த ஃப்ளோரைடுதான் என்று உறுதியாக 1931 ஆகிவிட்டது.

டாக்டர் முதலில் கேட்பது, 'எந்த ஊர்? சின்ன வயசுல என்ன தண்ணி குடிச்சீங்க?' என்பதாகத்தான் இருக்கும். ஃப்ளோரோசிஸ் இடது, வலது இரண்டு பக்கமும் ஜோடியாகத் தெரியும். ஒரே ஒரு பல்லில் மட்டும் கறை என்றால், பால்பல்லில் பட்ட அடியோ, சீழோ காரணமாகலாம். குடும்பத்தில் பலருக்கு எல்லாப் பற்களுமே இப்படி என்றால், பரம்பரை எனாமல் குறைபாடா என்று பார்ப்பார்கள்.

லேசான வெள்ளைக் கோடுகளுக்கு சிகிச்சையே தேவையில்லை. பழுப்புக் கறைக்கு, எனாமலின் மேற்பரப்பை மெல்லிசாகத் தேய்த்தெடுக்கும் மைக்ரோஅப்ரேஷன், தேவைப்பட்டால் கூடவே ப்ளீச்சிங். குழி விழுந்திருந்தால் பல் நிறத்திலேயே காம்போசிட் பூச்சு. வெனீர் வரை போவது கடைசியாக இருக்கட்டும். அதற்காகப் பல்லைச் சீவினால், சீவிய எனாமல் திரும்ப வளராது. எலுமிச்சையும் கரித்தூளும் போட்டுத் தேய்க்கும் ரீல்ஸ் வைத்தியம் வேண்டவே வேண்டாம். கறை போகாது, எனாமல்தான் தேயும்.

வீட்டில் குட்டீஸ் இருக்கிறார்களா? தண்ணீரைக் கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. ஃபில்டர் குறைக்கும். பேஸ்ட், 3 வயசுக்குள் அரிசி அளவு, 6 வயசு வரை பட்டாணி அளவு போதும். முழுங்காமல் துப்பச் சொல்லுங்கள். போர்வெல் தண்ணீர்தான் குடிக்கிறீர்கள் என்றால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக்கூடத்தில் ஒருமுறை டெஸ்ட் செய்துவிடுங்கள்.