ஞான உணவும் உடனுண்ணலும்: தஞ்சைச் சீர்திருத்தச் சபைகளில் திருவிருந்துச் சிக்கல்

முன்னுரை

விசுவாசத்தின் வழியே ஆன்மா ஊட்டம் பெறுகிறது என்பது கிறித்தவத்தின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. அப்பமும் திராட்சை இரசமும் பகிரப்படும் திருவிருந்து அவ்வூட்டத்தின் புலப்படும் அடையாளமாகும். தமிழ்க் கத்தோலிக்கர் இதனை 'நற்கருணை' என்றனர். சீர்திருத்தச் சபையார் 'இராப்போசனம்' என வழங்கினர். முன்னது அருளைச் சுட்ட, பின்னது உணவையே சுட்டுகிறது. யாருடன் யார் உண்ணலாம் என்பதைச் சாதி வரையறுத்த சமூகத்தில் இவ்வுணவு எழுப்பிய சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது.

சபையில் சாதி வழக்கு

1706இல் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் தொடங்கிய லூத்தரன் சமயப்பணி, சாதியைப் பெரிதும் சமூக ஒழுங்காகவே கருதி இடமளித்தது. வேளாளரும் பறையரும் ஆலயத்தில் தனித்தனியே அமர்ந்தனர். திருவிருந்திலும் முன்பின் வரிசை பேணப்பட்டது. சுவார்ட்சு காலத்துத் தஞ்சைச் சபையிலும் இவ்வழக்கு நீடித்தது.

சாஸ்திரியாரின் எதிர்ப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த புதிய மிஷனரிகள் இவ்வழக்கை ஒழிக்க முனைந்தனர். சுவார்ட்சிடம் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இதனைக் கடுமையாக எதிர்த்து, 1829இல் 'சாதி திருத்தலின் பயித்தியம்' என்னும் நூலை எழுதினார். சாதி உலகியல் சார்ந்தது, விசுவாசத்தைத் தடுப்பதன்று என்பது அவர் தரப்பு. விவிலிய மொழிபெயர்ப்பைத் திருத்தியதையும், வழிபாட்டிலிருந்து தமிழ்க் கீர்த்தனைகளை விலக்கியதையும் அவர் இதனோடு சேர்த்தே கண்டித்தார். இவ்வாறு பண்பாட்டுரிமைக் குரலும் சாதிக் காப்புக் குரலும் ஒரே நூலில் பிணைந்தன. இவ்விரண்டையும் பிரித்தறியாது அவரை மண்ணின் மரபு காத்தவர் என்று மட்டும் மதிப்பிடுவது முழுமையாகாது.

ஆணையும் விளைவும்

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், ஆலயத்தில் சாதி வேறுபாடு முற்றிலும் கைவிடப்பட வேண்டும் என ஆணையிட்டார். திருவிருந்தை அணுகும் முறையும் அதில் அடங்கும். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டு விலகினர். 1840 முதல் தமிழகத்தில் பணியாற்றிய லைப்சிக் லூத்தரன் சங்கம் சாதி குறித்து மென்போக்குக் கொண்டிருந்தமையால், விலகியோருள் பலர் பின்னர் அதனை நாடினர்.

1850இல் சென்னை மிஷனரி மாநாடு மேலும் ஒருபடி சென்றது. பிற சாதியாருடன் உடனுண்டு சாதியைத் துறந்தமையைக் காட்டுவதைச் சபை உறுப்புரிமைக்குரிய சோதனையாக வைத்தது. லைப்சிக் சங்க இயக்குநர் கார்ல் கிரவுல் இத்தகைய கட்டாயத்தை ஏற்கவில்லை. சாதி சமூக நிறுவனம். அது படிப்படியாகவே மறைய வேண்டும் என அவர் வாதிட்டார்.

முடிவுரை

விசுவாசமே ஆன்மாவின் உணவு என்பதில் இரு தரப்பினருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அவ்விசுவாசம் அகத்தோடு நின்றுவிடுமா, பந்தியிலும் வெளிப்பட வேண்டுமா என்பதே சிக்கலாயிற்று. அன்றாடச் சோறு ஞான உணவுக்குரிய தகுதியை அளக்கும் கருவியாக மாறியது இதனால்தான். சாதியைப் புறவொழுங்கு எனக் கொண்ட வாதத்தின் சுமை அதனை முன்வைத்தோர்மீது விழவில்லை; ஒரே அப்பத்துக்காக வரிசையின் இறுதியில் காத்திருந்தோர்மீதே விழுந்தது. திருவிருந்தின் தமிழக வரலாறு இறையியல் வரலாறாக மட்டுமன்றி, உடனுண்ணலின் சமூக வரலாறாகவும் எழுதப்பட வேண்டும்.